மிரண்டா டிரான்ஸ்போர்ட்

லாரி அலெக்சாண்டரின் பெயரில் இல்லை. அதன் கதவில் 'மிரண்டா டிரான்ஸ்போர்ட்' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. தேக்கா சந்தையில் சரக்கு இறக்கும்போது யாராவது அதைப் படித்துவிட்டுச் சிரித்தால், "எல்லாரும் சாமி பேரு வைப்பாங்க, நான் வீட்டுக்காரி பேரு வெச்சிருக்கேன் லா" என்பான். கேட்டவர்களுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. மிரண்டாவுக்கும்தான்.

உண்மையான காரணம் வேறு. முன்பு ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தி, கிரெடிட் கார்டுகளில் கடனை ஏற்றிக்கொண்டு, கடையையும் மூடியவன் அலெக்சாண்டர். அந்தக் கடனை எப்படியோ கட்டி முடித்துவிட்டான். ஆனாலும் அதற்குப் பிறகு எந்த வங்கியும் அவனை உட்காரவைத்துப் பேசவில்லை. மிரண்டாவின் மேல் அப்படி ஒரு கறையும் கிடையாது. ஈசூனில் ஒரு மருந்தகத்தில் நோயாளிகளைப் பதிவுசெய்யும் முகப்பில் பல வருடமாக வேலை பார்க்கிறாள். தண்ணீர் பில்லைக்கூடக் கெடுவுக்கு முன்பே கட்டிவிடுகிறவள். எனவே தொழிலை அவள் பெயரில் பதிந்தார்கள். குளிர்பெட்டி பொருத்திய லாரியைத் தவணைக் கடனில் எடுத்தபோது, பைனான்ஸ் கம்பெனிக்காரர் நீட்டிய தாள்களில் அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள்.

"படிச்சுப் பாக்க வேணாமா?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

"எல்லாம் ஒரே மாதிரிதான். நான் இருக்கேன்ல" என்றான்.

ஒரு கேட்டரிங் நிறுவனத்தின் சாப்பாட்டைத் தீவு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் லாரியின் வேலை. முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அந்த நிறுவனம் திடீரென்று மூடிக்கொண்டது. கொடுக்க வேண்டிய வாடகையையும் கொடுக்கவில்லை. அலெக்சாண்டர் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து பஃபலோ ரோட்டுக் கடைகளுக்குக் காய்கறி ஏற்றினான். வீடு மாற்றுகிறவர்களின் அலமாரிகளை ஏற்றினான். டீசலுக்கும் பார்க்கிங்குக்கும் போக மிஞ்சியது தவணைக்குப் போதவில்லை. லாரியின் விலையைவிட, அதைச் சாலையில் ஓட்ட அரசாங்க ஏலத்தில் எடுக்கும் சிஓஇ உரிமத்துக்கே அதிகம் கடன் வாங்கியிருந்தார்கள். தவணை அதற்கேற்ற கனத்தோடு மாதா மாதம் வந்தது. மிரண்டா கேட்கும்போதெல்லாம் "கொஞ்சம் லேட், பேசிட்டேன்" என்றான். அவன் யாரிடமும் பேசவில்லை. பைனான்ஸ் கம்பெனியின் எண் போனில் வந்தால் திரையைக் கவிழ்த்து வைத்தான்.

கம்பெனி ஆட்கள் லாரியைத் தூக்க வருவார்கள் என்று தெரிந்ததும், அதைச் சுங்கை காடுட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கே அப்துல் காதர் சரக்கு அடுக்கும் பழைய மரப் பலகைத் தட்டுகளை வாங்கி விற்கும் யார்டு வைத்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். அலெக்சாண்டர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காலத்திலிருந்து பழக்கம்.

"கியர்பாக்ஸ் மக்கர் பண்ணுது பாய். காசு சேர்ற வரைக்கும் இங்க நிக்கட்டுமே."

"நிக்கட்டும் தம்பி, இடமா இல்ல" என்று அவரே ஒரு தார்ப்பாயை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் அந்தப் பொய்யைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னான். லாரி எல்லை தாண்டி ஜோகூரில் ஒரு பட்டறையில் கிடக்கிறது, உதிரிபாகம் வரவேண்டும் என்றான். லாரி கையில் இருந்தால் எப்படியும் ஒரு நல்ல ஒப்பந்தம் பிடித்துவிடலாம், மொத்தமாகக் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தான். அதை எப்போது பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை.

கம்பெனி போட்ட வழக்கின் தாள்கள் மிரண்டாவின் கைக்கு மருந்தகத்திலேயே வந்து சேர்ந்தன. வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்த இளைஞன் முகப்பின் முன் வந்து நின்றான். அவள் அவனை நோயாளி என்று நினைத்து வரிசை எண்ணைக் கேட்டாள். அவன் அவளுடைய முழுப் பெயரையும் சத்தமாகச் சொல்லி, நீங்கள்தானே என்று உறுதிசெய்துகொண்டு, உறையை முகப்பின் மேல் வைத்தான். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்து முகப்பில் இருந்தவள், "யு ஓகே ஆ, மிரண்டா?" என்று கேட்டாள்.

அன்று மாலை அவள் இதை அலெக்சாண்டரிடம் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. "எல்லார் முன்னாடியும் என் பேரைப் படிச்சாங்க" என்று மட்டும் சொன்னாள். அலெக்சாண்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேன்" என்றான். அந்த வார்த்தை அவன் காதிலேயே மலிவாக ஒலித்தது.

சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு இருவரும் போனார்கள். அங்கே இருந்த வழக்கறிஞர் திவ்யதர்ஷினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாள்களை முழுவதும் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"ஆன்ட்டி, இதுல முக்கியமான விஷயம் ஒண்ணுதான். லாரி எங்க? நீங்க மறைச்சு வெச்சிருக்கீங்கன்னு அவங்க சொல்றாங்க."

மிரண்டா கணவனைப் பார்த்தாள்.

"ஜோகூர்ல. பட்டறையில" என்றான்.

"ஷ்யூரா அங்கிள்? இங்க இருந்தா இப்பவே திருப்பிக் கொடுத்துடறது நல்லது. வித்து வர்ற காசைக் கடன்ல கழிப்பாங்க. வெச்சிட்டே இருந்தா இன்ட்ரஸ்ட்தான் ஏறும். இன்னொண்ணு, ஆன்ட்டி இதைச் சத்தியம் பண்ணிச் சொல்லப் போறாங்க. கோர்ட்ல பொய் சொன்னதா ஆயிடக் கூடாது."

"ஷ்யூர்தான்."

திவ்யதர்ஷினி வழிகாட்டியபடி பதில் மனுவையும் சத்தியப் பத்திரத்தையும் மிரண்டா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். 'வாகனம் பழுதுபார்ப்பதற்காக ஜோகூரில் உள்ளது. அதை நான் மறைக்கவில்லை.' பட்டறையின் பெயர் என்ன என்று கேட்டாள். அலெக்சாண்டர் ஒரு பெயரைச் சொன்னான். வேறொருவரின் கார் எப்போதோ போய்வந்த பட்டறை அது.

சத்தியம் செய்துவைக்கும் அதிகாரி ஒரு வயதான சீனர். "கிறிஸ்டியன்?" என்று கேட்டுவிட்டு, வலது கையைத் தூக்கச் சொன்னார். அலெக்சாண்டர் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓபீர் ரோட்டுக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வாசகம் படிக்கிறவள் அவள். அங்கே பேசும் அதே நிதானத்தோடு, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னாள். இறைவன் பெயரால், இதில் எழுதியிருப்பது உண்மை. அவள் கை மேலேயே இருந்தது. ஒரு நிமிடம், நிறுத்து என்று அலெக்சாண்டர் சொல்லியிருக்கலாம். கைப்பையின் வாரை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

விசாரணை நாளன்று அவனால் உள்ளே போக முடியவில்லை. வழக்கில் அவன் யாருமில்லை. மிரண்டா தனியாக, வழக்கை விசாரிக்கும் துணைப் பதிவாளரின் அறைக்குள் போனாள். அவன் வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு மலாய்த் தம்பதி தங்கள் தாள்களை மடியில் பரப்பிவைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். கணவன் ஏதோ சொல்ல மனைவி சிரித்தாள். அலெக்சாண்டரால் அவர்களைப் பார்க்கவே முடியவில்லை.

மிரண்டா வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அவள் பின்னால் கம்பெனி வக்கீலும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு தமிழரும் வந்தார்கள். வக்கீல் நேராக மின்தூக்கிக்குப் போய்விட்டார். தமிழர் நின்றார். திலீப் என்று அட்டையில் இருந்தது. கம்பெனியின் கடன் வசூல் அதிகாரி.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது என் வேலை" என்றார் அவளிடம். பிறகு அலெக்சாண்டரைப் பார்த்தார். "நீங்கதான் அக்கா வீட்டுக்காரரா?"

அலெக்சாண்டர் தலையை ஆட்டினான். அவர் மின்தூக்கிப் பக்கம் நகர்ந்தார்.

நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்து இருவரும் சாலையைக் கடந்தார்கள். பேருந்து நிறுத்தத்தின் நிழலில் நின்றதும் மிரண்டா சொன்னாள்.

"போட்டோ காட்டினாங்க. பலகை அடுக்கியிருக்கிற ஒரு யார்டு. தார்ப்பாய் ஒரு பக்கம் விலகி இருக்கு. நம்ம நம்பர், கதவுல என் பேரு, எல்லாம் தெளிவாத் தெரியுது. போன வாரம் எடுத்தது."

அவன் நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், ஜோகூர்ல இருக்குன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களேன்னு அந்த ரெஜிஸ்ட்ரார் கேட்டாங்க. கோபமாகூடக் கேக்கல. எனக்குப் பதில் வரல. வீட்டுக்காரர் சொன்னாருன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு. எப்படிச் சொல்றது? அப்படிச் சொன்னா என்னை முட்டாள்னு நினைப்பாங்க. சொல்லலேன்னா பொய்க்காரின்னு நினைப்பாங்க. பொய்க்காரியாவே இருந்துட்டேன்."

தீர்ப்பு கம்பெனியின் பக்கம் ஆகிவிட்டது. பாக்கி, வட்டி, வழக்குச் செலவு அனைத்தும் அவள் தலையில். லாரியையும் உடனே ஒப்படைக்க வேண்டும்.

"நான் போயி சொல்றேன் மிரண்டா. இப்பவே மேல போறேன். நான்தான் ஒளிச்சு வெச்சேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேன்."

"யார்கிட்ட சொல்வீங்க?" அவள் முதன்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "அங்க உங்க பேரே இல்லையே."

பேருந்து வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவன் ஏறவில்லை. ஏறுங்க என்று அவளும் சொல்லவில்லை.

அவன் நேராகச் சுங்கை காடுட்டுக்குப் போனான். காதர் பாய் யார்டின் வாசலிலேயே நின்றிருந்தார். கம்பெனியிலிருந்து அவருக்கும் போன் வந்திருந்தது.

"பலகை வாங்க வந்தவனுங்கன்னு நினைச்சு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தேன் தம்பி. படம் எடுக்க வந்திருக்கானுங்க" என்றார். லாரிப் பக்கம் திரும்பி, "கியர்பாக்ஸ்னுதானே எங்கிட்ட சொன்னே?" என்று கேட்டார்.

"ஆமா பாய்."

"கியர்பாக்ஸ் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவரோ பலகை அடுக்கிக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டு, தார்ப்பாயைப் பிரிக்கச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

தானே லாரியை ஓட்டிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் நிறுத்தி, சாவியை மேசையில் வைத்துவிட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தான். அதிலாவது கொஞ்சம் மானம் இருக்கும் என்று தோன்றியிருந்தது. ஆனால் சாலை வரியும் இன்சூரன்ஸ் காப்புறுதியும் முடிந்து மாதங்களாகியிருந்தன. லாரி சாலையில் இறங்கினால் அதுவும் மிரண்டாவின் பெயரில் இன்னொரு குற்றம். திலீப்புக்குப் போன் செய்தான். அவர் இழுவை வண்டியோடு வந்தார்.

தாள்கள் பொருத்திய அட்டையைப் பார்த்ததும் அலெக்சாண்டர் பேனாவுக்குக் கை நீட்டினான்.

"நீங்க போட முடியாது அண்ணே. ஓனர்தான் போடணும்" என்றார் திலீப். "அக்காவைக் கூப்பிட முடியுமா?"

மிரண்டா மருந்தகச் சீருடையோடு டாக்சியில் வந்து இறங்கினாள். மழை பெய்து யார்டு முழுக்கச் சேறு. இழுவை வண்டிக்காரன், திலீப், பலகை அடுக்கும் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைக் காலணியோடு சேற்றில் நடந்து வந்தாள். காதர் பாய் வெளியே ஓடிவந்து, "தங்கச்சி, அல்லா சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார். "எனக்கும்தான் பாய்" என்றாள் அவள். தாளை வாங்கி முழுவதும் படித்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் படித்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

லாரியின் முன்பக்கத்தைச் சங்கிலியில் தூக்கிக்கொண்டு போனபோது அலெக்சாண்டர் மரத்தட்டு அடுக்குகளின் மறைவுக்குப் போய்விட்டான். அழவெல்லாம் இல்லை. அந்த ஆட்களின் கண்ணில் பட முடியவில்லை, அவ்வளவுதான்.

லாரி போனதோடு விஷயம் முடியவில்லை. பொய்ச் சத்தியம் குறித்து மேல் நடவடிக்கை எடுக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று கம்பெனி வக்கீலிடமிருந்து மிரண்டாவுக்குத் தகவல் வந்தது. இருவரும் மறுபடி திவ்யதர்ஷினியிடம் போனார்கள். இந்த முறை அவள் அலெக்சாண்டரைப் பார்த்து 'அங்கிள்' என்று சொல்லவில்லை.

"நீங்க உண்மையைச் சத்தியப் பத்திரமா எழுதித் தரலாம். ஆனா ரிஸ்க் இருக்கு. நாளைக்கு உங்க மேலயே திரும்பலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்லைம்மா" என்றான்.

அவன் சொல்லச் சொல்ல மிரண்டாதான் எழுதினாள். ஆங்கிலத்தில் அவன் எழுத்து தடுமாறும். 'என் மனைவியிடம் பொய் சொன்னேன். வழக்கறிஞரிடம் பொய் சொன்னேன். இட உரிமையாளரிடமும் பொய் சொன்னேன்.' ஒவ்வொரு வாக்கியத்தையும் அவன் வாய்விட்டுச் சொல்ல, அவள் முகம் மாறாமல் எழுதினாள். பட்டறையின் பெயரை எங்கிருந்து எடுத்தான் என்று ஓரிடத்தில் நிறுத்திக் கேட்டாள். சொன்னான். அதையும் எழுதினாள். அதே சீனர் முன்னால் இந்த முறை அவன் கை தூக்கினான்.

கம்பெனி அதற்கு மேல் போகவில்லை. திலீப் உள்ளே பேசியிருக்கலாம். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். லாரி ஏலத்தில் போனது. மாதக்கணக்கில் ஓடாமல் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டிக்கு நல்ல விலை வரவில்லை. மிஞ்சிய பாக்கியை மிரண்டா மாதத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டாள். அலெக்சாண்டர் ஒரு துப்புரவு நிறுவனத்தில் லாரி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் முழுவதையும் அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. வீட்டில் சாப்பாடு, துணி, சாவி என்று தேவையான பேச்சு மட்டும் இருந்தது.

ஏல விவரம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து இருவரும் தேக்காவுக்கு நடந்தார்கள். மீன் வாங்கிவிட்டு, உணவுக் கடைப் பகுதியில் தேநீருக்கு உட்கார்ந்தார்கள். சுற்றிலும் ஒரே கூட்டம், இரைச்சல். மிரண்டா கிளாஸைத் தொடாமல் கேட்டாள்.

"வேற ஏதாவது இருக்கா? எனக்குத் தெரியாம? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னொரு தடவை யாரோ ஒருத்தர் எங்கிட்ட வந்து காட்டி நான் தெரிஞ்சுக்கக் கூடாது."

'இல்லை' என்ற சொல் பழக்கத்தில் வாய்க்கு வந்துவிட்டது. அலெக்சாண்டர் அதை விழுங்கினான்.

"இருக்கு" என்றான்.

அவள் கிளாஸைத் தள்ளிவைத்தாள்.

"கீத்."

கீத் அவளுடைய தம்பி. பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறான். கடந்த இரண்டு கிறிஸ்மஸுக்கும் அவன் இவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் செய்தால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வான். அம்மா இறந்த சமயத்தில் தான் எதையோ கடுமையாகப் பேசிவிட்டோம் என்று மிரண்டா நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்காக நீளமாக மன்னிப்புக் கேட்டுச் செய்திகூட அனுப்பியிருந்தாள். அனுப்புவதற்கு முன் சரியாக இருக்கிறதா என்று அலெக்சாண்டரிடம்தான் படிக்கக் கொடுத்தாள். அவனும் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றான்.

"தவணை கட்ட முடியாம அவன்கிட்ட வாங்கினேன். ஒரே மாசத்துல தர்றேன்னேன். தரவே இல்ல."

"அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

அலெக்சாண்டர் மேசையின் ஈரத்தைப் பார்த்தான். "நீதான் கேக்கச் சொன்னதா அவன்கிட்ட சொன்னேன். உனக்கு வெக்கமா இருக்கு, உங்கிட்ட இதைப் பத்திப் பேச வேணாம்னு சொன்னேன்."

அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் இவர்கள் மேசைக்கு வந்து, கிளாஸை எடுக்கலாமா என்று கேட்டார். மிரண்டா தலையாட்டினாள். குடிக்காத தேநீரை அவர் எடுத்துக்கொண்டு போனார்.

"அவன் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பான்" என்றாள். அது கேள்வியாக இல்லை. பிறகு மீன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க."

ரயிலில் அவன் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் அவள் கதவருகே நின்றுகொண்டே வந்தாள். மீன் பையில் பனிக்கட்டி உருகிச் சொட்டியது. கீத் வீட்டுத் தளத்துக்கு வந்ததும் மணியை அவளே அடித்தாள். அடித்துவிட்டு ஒதுங்கி அவன் பின்னால் போய் நின்றாள்.

கீத் உள்கதவைத் திறந்தான். இரும்புக் கதவின் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ரயிலில் கோத்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அலெக்சாண்டரின் நினைவுக்கு வரவில்லை.

"கீத், உங்க அக்காவுக்கு எதுவுமே தெரியாது" என்றான். "அந்தக் காசை அவ கேக்கச் சொல்லல. நான் பொய் சொன்னேன். அவளுக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

கீத் அக்காவைப் பார்த்தான். அவள் நனைந்த கண்களைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"அந்த மெசேஜ்ல நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குறேன்னே எனக்குப் புரியலக்கா" என்றான். சாவியைத் தேடி எடுத்து இரும்புக் கதவைத் திறந்தான். "உள்ள வாக்கா."

மிரண்டா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கீத் அவள் கையிலிருந்த மீன் பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனான். அவன் கதவைச் சாத்தவில்லை. நீங்களும் வாங்க அத்தான் என்று சொல்லவும் இல்லை. உள்ளே அக்காவும் தம்பியும் பேசுவது கேட்டது. அலெக்சாண்டர் காலணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் தாழ்வாரத்திலேயே நின்றான்.